ஃபிராட்டெரிஸ் மிலிஷியா: அடியார் திரள்படை

கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் தொடங்கிய வார்ஹாமர் 40,000 விளையாட்டுலகில் மனிதகுலத்தின் பேரரசர்தான் கடவுள். அந்த வழிபாட்டை நடத்தும் திருச்சபைக்கு எக்கிளீசியார்க்கி என்று பெயர். ஒரு கோளுக்கு ஆபத்து வந்தால் அங்குள்ள போதகர் மேடையேறி முழங்குவார். ஆலைத் தொழிலாளி, உழவர், யாத்திரிகர் என்று கேட்டவர்கள் எல்லாம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் கிளம்புவார்கள். பயிற்சி இல்லை, சீருடை இல்லை, சம்பளமும் இல்லை. இந்தக் கூட்டத்தின் பெயர்தான் ஃபிராட்டெரிஸ் மிலிஷியா. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

பயிற்சியில்லாமல் இருப்பது வறுமையால் மட்டும் அல்ல, அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 36ஆம் ஆயிரமாண்டில் (35,001 முதல் 36,000 வரை, 36,000க்குப் பிந்தையது என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை) கோஜ் வாண்டயர் என்பவர் அரசு நிர்வாகத்தையும் திருச்சபையையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு ரத்த ஆட்சி நடத்தினார். அப்போது திருச்சபையிடம் ஃபிராட்டெரிஸ் டெம்ப்ளர் என்ற நிலைப்படை, அதாவது நிரந்தரப் படை, இருந்தது. வாண்டயர் வீழ்ந்ததும், அவரை எதிர்த்து எழுந்த செபாஸ்டியன் தோர் திருச்சபையின் தலைமைக்கு வந்தார். டிக்ரீ பாசிவ் என்ற ஆணை பிறந்தது. ஆயுதம் தாங்கிய ஆடவரைத் திருச்சபை இனி வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். டெம்ப்ளர் படை கலைந்தது.

ஆணையில் இரண்டு ஓட்டைகள். ‘ஆடவர்’ என்று இருந்ததால் பெண்களைக் கொண்ட அடெப்டா சொரோரிட்டாஸ் படை தப்பியது. (இந்த வரியைத் தமிழாக்குபவர் ‘ஆட்கள்’ என்றோ ‘வீரர்’ என்றோ எழுதினால் கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடும்.) ‘வைத்திருக்க’ என்று இருந்ததால், தேவைப்படும்போது கூடி, முடிந்ததும் கலையும் கூட்டத்தை எவரும் தடுக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தைப் பாசறையில் நிறுத்தி நிரந்தரமாகப் பயிற்சி கொடுத்தால் அது பழையபடி நிலைப்படை ஆகிவிடும், ஆணை பாயும்.

பெயரின் முதற்பாதி இலக்கணப்படி தவறு. லத்தீனில் ‘ஃபிராட்டெர்’ என்றால் உடன்பிறந்தான். பாட்டெர், பாட்ரிஸ் ஆவதுபோல இதன் ஆறாம் வேற்றுமை ஃபிராட்ரிஸ்தான். ‘ஃபிராட்டெரிஸ்’ என்று ஒரு வடிவம் கிடையாது. அப்படியே திருத்தினாலும் ‘ஒரு சகோதரனுடைய படை’ என்றுதான் பொருள் வரும். பலருக்குச் சொல்ல ‘ஃபிராட்ரும்’ என்ற பன்மை வடிவம் வேண்டும். ஒலி நன்றாக இருக்கிறது என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் செய்துகொண்ட போலி லத்தீன் இது. இந்தத் தொடரில் இப்படி இன்னும் நிறைய உண்டு, மன்னிக்கலாம்.

மிலிஷியா ‘மிலேஸ்’, அதாவது போர்வீரன், என்ற சொல்லிலிருந்து வந்தது. செவ்வியல் லத்தீனில் அதற்குப் படைப்பணி, போர்த்தொழில் என்று பொருள். குடிமக்கள் படை என்பது ஆங்கிலத்தில் பின்னர் ஏறிய பொருள். 1642இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் மன்னரை மீறிப் பிறப்பித்த மிலிஷியா ஆணையில் அந்தப் பொருள் தெளிவாகவே இருக்கிறது.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு என்ன நேரும் என்று பார்க்க 1096ஆம் ஆண்டின் மக்கள் சிலுவைப்போர் போதும். ஜெருசலேமைப் பிடிக்கப் படைகள் கிளம்ப வேண்டும் என்று போப் இரண்டாம் அர்பன் குறித்த நாள் ஆகஸ்ட் 15. துறவி பீட்டரின் பேச்சைக் கேட்டுத் திரண்ட சாமானியர் கூட்டம் அதுவரை பொறுக்கவில்லை, வசந்தத்திலேயே கிளம்பிவிட்டது. ஆசியா மைனரை (இன்றைய துருக்கி) அடைந்ததும் கூட்டம் பிளந்தது. ஒரு பிரிவு செரிகோர்டன் கோட்டையைப் பிடித்து உள்ளே அமர்ந்தது. தண்ணீர் வெளியே இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. செல்ஜுக் துருக்கியர் வந்து கிணற்றையும் ஊற்றையும் மறித்தார்கள். கழுதை ரத்தத்தையும் சிறுநீரையும் குடித்து எட்டு நாள் தாக்குப்பிடித்தபின் கோட்டை விழுந்தது. அக்டோபர் 21 அன்று மிச்சமிருந்தோர் சிவெட்டாட் முகாமிலிருந்து ஒற்றர்கூட இல்லாமல் கிளம்பிப் பதுங்கியிருந்தவர்களின் அம்புக்கு இரையானார்கள். பீட்டர் அப்போது கான்ஸ்டான்டினோபிளில் இருந்தார். துணிச்சலில் குறைவில்லை, தண்ணீர், வேவு, கட்டளை மூன்றும் இல்லை.

இனி தமிழ். ‘துணை ராணுவம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். செய்தித்தாள் தமிழில் அது அரசு சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற படை, நேர் எதிர்ப்பொருள். ‘ஊர்க்காவல் படை’யும் அரசின் கையில் இருப்பது. 762ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறு சொல்கிறார். நாட்டுப்படை கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் இன்று அதைப் படிப்பவர் தேசிய ராணுவம் என்றே எடுத்துக்கொள்வார். ‘கும்பல்’ வசை. வெறும் ‘படை’ என்றால் அணிவகுப்பு கண்ணில் வந்துவிடுகிறது.

ஃபிராட்டெருக்குச் ‘சகோதரர்’ சரிதானே என்றால், கத்தோலிக்கத் தமிழில் அருட்சகோதரர் என்பவர் துறவற உறுதிமொழி எடுத்தவர். இவர்களோ குடும்பஸ்தர்கள். ‘உடன்பிறப்புப் படை’ என்று எழுதினால் வாசகர் நேராகக் கட்சி மாநாட்டுத் திடலுக்குப் போய்விடுவார்.

எனவே பரிந்துரை: அடியார் திரள்படை. ‘அடியார்’ சைவ வைணவத்துக்கு மட்டும் உரிய சொல் அல்ல. இஸ்லாமியத் தமிழிலும் நல்லடியார் உண்டு, ஆகவே கற்பனை மதம் ஒன்றுக்குப் பொருத்திவிடலாம். ‘திரள்’ என்பதுதான் முக்கியம். டெம்ப்ளரைக் ‘கோயில் நிலைப்படை’ என்று வைத்துக்கொண்டால், நிலை, திரள் என்ற எதிரிணையிலேயே ஆணையின் இரண்டாம் ஓட்டை புரிந்துவிடும். உறுப்பினரைத் ‘திரள்படையினர்’ எனலாம். வசனவரியில் இடம் போதாவிட்டால் ‘அடியார் திரள்’ போதும், ‘அடியார் படை’ என்று சுருக்கக் கூடாது. முதல்முறை வருமிடத்தில் மூலப்பெயரையும் ஒலிபெயர்த்துப் பக்கத்தில் தருவது நல்லது, விதிப்புத்தகத்தில் தேடுபவருக்கு உதவும்.