கேம்ஷாஃப்ட்டை மாற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் கியர் ஏன் தேய்கிறது?

"ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் பழைய எஞ்சினில் ரோலர் கேம் போட்டேன். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் இக்னிஷன் டைமிங் ஆட ஆரம்பித்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பார்த்தால் கியரின் பற்கள் கத்தி முனைபோல் கூர்ந்திருக்கின்றன. குறை கேமிலா, கியரிலா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர்; அதன் கியரைச் சுழற்றுவது கேமில் வெட்டிய கியர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல உருப்படிகள்தான். பொருந்தாதது ஜோடி. எஃகில் செய்த கேமோடு, வார்ப்பிரும்பு கேமுக்கென்று வந்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கியரையே கோத்தால் இப்படித்தான் ஆகும். ஏன் என்று புரிய, அந்த இரண்டு கியர்களும் தொட்டுக்கொள்ளும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு சுற்று. ஆக, கேமுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் 1:1. ஆனால் கேம் படுத்திருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் அதற்குக் குறுக்கே நிற்கிறது. இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று சந்திக்காமல், 90 பாகையில் விலகிக் கடக்கின்றன. இந்த அமைப்புக்குச் சாய்பல் கொண்ட குறுக்கு ஹெலிகல் கியர்தான் எளிய வழி.

நேர்ப்பல் கியரில் பற்கள் சந்திக்கும் நடுப்புள்ளியில் ஒரு பல் இன்னொன்றின்மேல் உருளும். வழுக்கல் அங்கே பூஜ்யம். குறுக்கு ஹெலிகலில் அந்தச் சலுகை கிடையாது. பற்கள் எந்தக் கணத்திலும் பக்கவாட்டில் உரசி வழுக்கிக்கொண்டே இருக்கும். பல்லின் சாய்வு 45 பாகை, கியரின் விட்டம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 4000 ஆர்பிஎம்மில் ஓடும்போது கேம் 2000-இல் சுற்றும். கியரின் ஓர வேகம் நொடிக்கு 3.1 மீட்டர். பற்கள் வழுக்கும் வேகம் அதைப்போல் 1.41 மடங்கு, அதாவது நொடிக்கு 4.4 மீட்டர். போதாக்குறைக்கு, புதுக் கியர்கள் தொட்டுக்கொள்வது ஒரு கோட்டில்கூட இல்லை, ஒரு புள்ளியில்! அந்தக் கடுகளவு இடத்தில்தான் முழுச் சுமையும் இறங்குகிறது. ஓட ஓட அந்தப் புள்ளி மெல்லத் தேய்ந்து சிறு பட்டையாக அகலும்; அழுத்தம் குறையும். ஆகவே ஆரம்பத்தில் கொஞ்சம் தேய்வது இந்தக் கியருக்கு அவசியம். அந்தத் தேய்மானம் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது இரண்டு உலோகங்களின் சேர்க்கை.

வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில்கள் கலந்திருக்கின்றன. அவை தாமே மசகாகும். உதிர்ந்த குழிகளில் எண்ணெய் தங்கும். அதனால் தட்டையான டேப்பட்டுக்குரிய (கேமின் மேடு தள்ளும் துண்டுதான் டேப்பட்) வார்ப்பிரும்பு கேமும் வார்ப்பிரும்பு கியரும் பல்லாண்டு சேர்ந்து வாழ்கின்றன. ரோலர் கேமின் கதை வேறு. அங்கே டேப்பட்டின் அடியில் உருளும் ரோலர், லோபின்மேல் (கேமின் மேடு) ஒரு மெல்லிய கோட்டில் பெரும் அழுத்தம் கொடுக்கும். அதைத் தாங்க 8620 போன்ற எஃகில் கேமைக் கடைந்து, மேற்பரப்பைக் கடினப்படுத்துகிறார்கள். லோபுகளோடு சேர்ந்தே வெட்டப்பட்ட கியரும் அதே எஃகுதான். அதன்மேல் வார்ப்பிரும்பு கியர் உரசினால் அரம் வைத்து ராவியதுபோல் தேயும்.

கியரையும் சாதாரண எஃகாகப் போட்டுவிட்டால்? ஒரே வகை உலோகங்கள் அழுத்தத்தில் உரசும்போது, எண்ணெய்ப் படலம் கிழிந்த இடத்தில் ஒன்றோடொன்று நுண்ணளவில் பற்றவைத்துக்கொள்ளும். அடுத்த நொடியில் பிய்ந்து வரும். இதுதான் பற்றிக்கிழிதல். செம்பும் இரும்பும் திட நிலையில் ஒன்றுக்குள் ஒன்று அதிகம் கரைவதில்லை, ஒட்டிக்கொள்ளவும் தயங்கும். எஃகு கேமுக்கு வெண்கலக் கியர் சொல்வதன் காரணம் அதுதான். ஆனால் வெண்கலம் மென்மையானது. விலை உயர்ந்த கேமைக் காப்பாற்றத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் உருப்படி அது; ஆயுள் முழுக்க ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தினசரி ஓட்டத்துக்கு, உப்புக்குளியல் முறையில் நைட்ரஜன் ஏற்றிக் கடினப்படுத்திய எஃகுக் கியர் நல்லது. கடைக்காரர்கள் இதை மெலனைஸ்டு கியர் என்பார்கள். உங்கள் எஞ்சினுக்குக் கிடைத்தால் கார்பன் கலந்த பாலிமர் கியர் எந்தக் கேமோடும் ஒத்துப்போகும். எஃகு கேமிலேயே வார்ப்பிரும்பு கியரை அழுத்திப் பொருத்தித் தரும் தயாரிப்பாளர்களும் உண்டு. அப்படி வாங்கினால் பழைய கியர் வகையே போதும். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "கேமின் கியர் பகுதி என்ன உலோகம்?"

அந்தப் பதிலைக் கேமோடு வரும் அட்டையில் அச்சிட்டுத் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லிஃப்ட்டை, அதாவது லோப் தூக்கும் உயரத்தை, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை துல்லியமாகப் போடுகிறவர்கள் உலோகத்தின் பெயரை விட்டுவிடுகிறார்கள். 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கையாண்டால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குக் காட்டியது. உராய்வு, தேய்மானம் பற்றிய அறிவியலுக்கான டிரைபாலஜி என்ற சொல்லே அந்த அறிக்கையோடுதான் புழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பிறகும் தேய்மான ஆய்வுக்குக் கிடைக்கும் பணமும் மதிப்பும் குறைவு என்றே எண்ணுகிறேன். "கடினமான கியர்தான் நெடுநாள் வரும்" என்ற பட்டறை நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்க அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, சுமை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று தீப்பொறியைப் பங்கிடும் ரோட்டாரைச் சுற்றப் பெரிய விசை வேண்டாம். கியரை வதைப்பது கீழே தொங்கும் ஆயில் பம்ப். ஃபோர்டு 300, செவர்லே 250 மற்றும் 292, ஜீப் 4.0 ஆகிய ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பம்ப்பை டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுதான் சுழற்றுகிறது. கிறைஸ்லர் ஸ்லாண்ட் சிக்ஸில் பம்ப் நேரடியாகக் கேமிலிருந்து ஓடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தனிக் கியர். அந்தக் கியர் வெறும் நைலான்! பம்ப்பின் பாரம் இல்லாவிட்டால் நைலானே போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு சுற்றுக்கு 15 கன செ.மீ. தள்ளும் பம்ப், 4 பார் அழுத்தத்தில் சுமார் 0.95 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை கேட்கும். 15 மி.மீ. ஆரத்தில் அது 64 நியூட்டன். குளிர்ந்த கெட்டி எண்ணெயோடு கிளப்பி, அழுத்தம் 7 பாருக்கு ஏறினால் 111 நியூட்டன். உள் உராய்வு இதற்கு மேல். இதில் 25 சதவீதம் அதிகம் தள்ளும் "ஹை வால்யூம்" பம்ப்பைப் போட்டால் சுமையும் 25 சதவீதம் கூடும். உபரி எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பி ஓடினாலும் அதைத் தள்ளிய உழைப்பு கியருடையதே. பேரிங் இடைவெளிகள் சரியாக இருக்கும் எஞ்சினுக்குப் பழைய அளவு பம்ப்பே போதும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கேம் தன் அச்சு வழியாக முன்னும் பின்னும் நகர்ந்தால் என்ன ஆகும்? டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் ஓரம், தொடும் இடத்தில், கேமின் அச்சுத் திசையிலேயே நகர்கிறது. ஆகவே நகரும் கேம் ஒரு பல்சட்டம் போலாகி டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றிவிடும். கேம் சுற்றவே வேண்டாம். 0.25 மி.மீ. நகர்வை 15 மி.மீ. ஆரத்தால் வகுத்தால் 0.0167 ரேடியன், அதாவது 0.95 பாகை. இது டிஸ்ட்ரிபியூட்டர் பாகை. கிராங்க் கணக்கில் இரட்டிப்பு: 1.9 பாகை. பல் சாய்வு 45 பாகையானால், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு 0.25 மி.மீ. மேலும் கீழும் ஆடினாலும் அதே 1.9 பாகை. இரண்டும் சேர்ந்தால் டைமிங் லைட்டில் குறி நடனமாடும்.

தட்டை டேப்பட் கேமில் லோபுகள் மிக மெல்லிய சாய்வோடு தீட்டப்பட்டிருக்கும். டேப்பட் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளத்தான் அந்தச் சாய்வு. ஆனால் அதே சாய்வு கேமைப் பெரும்பாலும் ஒரே பக்கமாக அழுத்தியும் வைக்கும். ரோலர் கேமின் லோப் சமதளம். அழுத்திப் பிடிக்க ஆளில்லை. வால்வு திறக்கும்போது ஸ்பிரிங் கேமைத் தடுக்கிறது, மூடும்போது சுழலும் திசையிலேயே தள்ளுகிறது. இந்த இழுபறியில் கேம் நடக்கத் தொடங்கும். ஆகவே ரோலர் கேம் போடுகிறவர் திரஸ்ட் பிளேட்டையோ முன்பக்கப் பட்டனையோ சரிபார்த்து, கேமின் முன்பின் ஆட்டத்தை 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் நிறுத்த வேண்டும்.

எந்தக் கேம் வாங்குவது? பழைய நீள ஸ்ட்ரோக் எஞ்சின்களின் பலம் கீழ் ஆர்பிஎம் இழுவை. 1.27 மி.மீ. லிஃப்ட்டில் அளந்த டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் நேரம், கிராங்க் பாகையில்) 195–210 பாகை இருந்தால் சுமை இழுக்கும் வண்டிக்குப் போதும். சாலையில் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் 210–220. அதற்கு மேல் போனால் கம்ப்ரஷனும் ஆக்ஸில் விகிதமும் சேர்ந்து உயர வேண்டும். விளம்பர டியூரேஷன் (இன்னும் சிறிய லிஃப்ட்டில் அளப்பதால் எண் பெரிது) 268, இன்டேக் மையக்கோடு (அந்த வால்வு உச்சமாகத் திறக்கும் இடம்) பிஸ்டனின் மேல்புள்ளி தாண்டி 106 என்றால், 268-இல் பாதி 134; ஆகவே இன்டேக் வால்வு மூடுவது பிஸ்டனின் கீழ்ப்புள்ளி தாண்டி 106+134−180 = 60 பாகையில். பிஸ்டன் மேலேறும் அந்த நேரமெல்லாம் கலவை திரும்பி ஓடும். கம்ப்ரஷனை ஏற்றாமல் இந்தக் கேமைப் போட்டால் இழுவை செத்துவிடும்.

செவர்லே 250, 292 ஹெட்டில் இன்னொரு சிக்கல்: 1-2, 3-4, 5-6 சிலிண்டர்கள் ஒரே இன்டேக் வாயிலைப் பகிர்கின்றன. வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4. எண்ணிப் பாருங்கள்: 5-க்கு 240 பாகை கழித்து 6, 2-க்கு 240 பாகை கழித்து 1. 3-க்கும் 4-க்கும் மட்டும் 360. ஆக இன்டேக் டியூரேஷன் 240-ஐத் தாண்டியதும், 5 குடித்து முடிப்பதற்குள் 6 வாய் வைத்துவிடும். 268 பாகை கேமில் 28 பாகை இந்தப் பங்காளிச் சண்டை நடக்கும். இத்தகைய ஹெட்டுக்கு டியூரேஷனைக் கூட்டுவதைவிட லிஃப்ட்டைக் கூட்டுவது புத்திசாலித்தனம்.

பொருத்தும்போது கவனம் வேண்டிய இடங்கள் சில. பழைய கியரை எடுக்குமுன், டிஸ்ட்ரிபியூட்டர் அமரும் விளிம்பிலிருந்து கியரின் அடிமுகம் வரை அளந்து எழுதுங்கள். புதுக் கியர் அதே உயரத்தில் நிற்க வேண்டும். ரோல் பின்னுக்கான துளையை அந்த உயரத்தில்தான் போட வேண்டும். கியரில் 13 பற்கள் இருந்தால் ஒரு பல்லுக்கு 27.7 பாகை, ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால், கியரை 180 பாகை திருப்பி மாட்டினால் ரோட்டார் அரைப் பல், 13.8 பாகை, விலகி நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் நீட்டியிருக்கும் வேக்குவம் அட்வான்ஸ் டப்பா எதிலோ முட்டுகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பிறகு பற்களில் குறிச்சாயம் பூசி, டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி எடுங்கள். தொட்ட தடம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் உயரம் தவறு. கேஸ்கெட்டின் தடிமனை மாற்றியோ ஷிம் போட்டோ சரிசெய்யலாம். கீழே பம்ப் தண்டு முட்டாமல் சிறிது இடைவெளி இருப்பதையும் உறுதிசெய்யுங்கள்; முட்டினால் முழு இறுக்கமும் கியரின்மேல் விழும்.

புதுக் கேமோடு பழைய கியரைச் சேர்க்கவே கூடாது; பழைய பற்கள் வேறொரு ஜோடிக்குத் தேய்ந்தவை. லோபுகளுக்குப் பூசும் மாலிப்டினம் பசையைக் கியருக்கும் பூசுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குமுன் டிரில்லால் பம்ப்பைச் சுழற்றி எண்ணெயை மேலேற்றுங்கள். தட்டை டேப்பட் கேமானால் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் நிறைந்த எண்ணெயோடு, கிளப்பிய உடனே 2000-க்கும் 2500-க்கும் இடையே ஏற்றி இறக்கி 20–30 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் விட்டால் லோப் போய்விடும்.

பிறகு முதல் எண்ணெய் மாற்றத்தில் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் கருந்தூள் நிறைய வந்தால் இரும்பு தேய்கிறது. ஒட்டாத பொன்னிறத் துகள் வந்தால் வெண்கலக் கியராக இருக்கலாம், பேரிங் புஷ்ஷாகவும் இருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரை ஒருமுறை தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பல்லின் நுனியில் தட்டையான பகுதி மிச்சமிருந்தால் திரும்ப இறக்கலாம். கூர்ந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். அந்தப் பற்கள் உதிரும்போது தீப்பொறியோடு ஆயில் பிரஷரும் நின்றுவிடும்.