பள்ளி நூலகத்துக்கு அரசு தருவது என்ன? குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மலைக்குடியிருப்புகளிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு, பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் கையில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளி நூலகம்தான். மாவட்ட மைய நூலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. ஒரு கதைப்புத்தகத்துக்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறி வர அவர்களால் முடியாது.

இந்த நூலகத்துக்கென்று தனிப் பணம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 2018-19இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு நூலக மானியம் இருக்கிறது. எந்த வகுப்பு வரை உள்ள பள்ளி என்பதைப் பொறுத்து 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை. தொடக்கப் பள்ளிக்குக் குறைவு, 1 முதல் 12 வரை உள்ள பள்ளிக்கு அதிகம். செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, 40 சதவீதம் மாநிலத்துடையது. மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத பிரச்சினையில் 2024-25க்கான மத்தியப் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. அதனால் 'இந்த வருஷம் மானியம் வரவில்லை' என்று தலைமை ஆசிரியர் சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டாம். ஆனால் முந்தைய ஆண்டுகளில் என்ன வாங்கினார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

பணம் தவிர, புத்தகமாகவும் வருகிறது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்கள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். மாணவர்களுக்கான 'தேன்சிட்டு' இதழும் உண்டு. 8ஆம் வகுப்பு வரை சட்டமே துணை நிற்கிறது: கல்வி உரிமைச் சட்டம், 2009 ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், இதழ்கள், கதைப்புத்தகங்கள் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. 9, 10 படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் எட்டாது. அவர்களுக்கு மானியம்தான் வழி.

சரி, புத்தகம் வந்துவிட்டது. பிள்ளை கைக்குப் போகிறதா? என் பார்வையில் பெரிய சிக்கல் இங்கேதான். கிராமப்புற உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் நூலகர் பணியிடமே இல்லை. ஒரு பாட ஆசிரியர்தான் கூடுதலாகப் பொறுப்பு பார்க்கிறார். இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகம் தணிக்கையில் குறைந்தால் தன் தலையில் விழும் என்ற பயத்தில் அவர் பீரோவைப் பூட்டியே வைக்கிறார். அந்தப் பயம் நியாயமானது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் பூட்டிய பீரோவும் பத்திரமில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கறையான் ஏறும். யாரும் வாசிக்காமலே புத்தகம் வீணாகும்.

இதைப் பேச வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். வாரம் ஒரு நூலகப் பாடவேளை, வீட்டுக்கு ஒரு புத்தகம், வாசித்துக் கிழிந்தாலோ தொலைந்தாலோ ஆசிரியர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை என்று குழுவில் தீர்மானமாக எழுதி வையுங்கள். ஆசிரியருக்கும் கொஞ்சம் தைரியம் வரும். பள்ளியில் எத்தனை நூலகப் புத்தகங்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் யுடைஸ் (பள்ளிகளின் விவரங்களை அரசு திரட்டும் தொகுப்பு) படிவத்தில் பதிவாகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்து பார்க்கலாம். பதில் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. நாகர்கோவில் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

விளவங்கோடு பக்கம் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாங்கும் பட்டியலில் மலையாள நூல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போகும்.

அரசு உதவி பெறும் பள்ளிகளின் நிலை வேறு. நம் மாவட்டத்தில் மிஷன் காலத்திலிருந்தே அவை அதிகம், ஆனால் மேலே சொன்ன மானியம் அரசுப் பள்ளிகளுக்கானது. அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுப்பது நல்ல வழி. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, அதனால் அந்த நூலகத்தில் உரிமையோடு கேட்கலாம்.

வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்கள் அரசுப் பள்ளிக்கு உதவ நினைத்தால் 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளம் வழியாகக் கொடுக்கலாம். வீட்டில் கிடக்கும் பழைய கைடுகளைக் கட்டி அனுப்பாதீர்கள். எந்த வகுப்புக்கு என்ன வேண்டும் என்று பள்ளியிடம் முதலில் பட்டியல் கேளுங்கள், அப்புறம் வாங்குங்கள்.