பார்வோவில் குட்டியை இழந்த வீட்டுக்கு அடுத்த குட்டி எப்போது வரலாம்?

கால்நடை மருத்துவரான என் மேசையில் கிடத்தப்பட்டிருந்த அந்த நாய்க்குட்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அதன் கழுத்தில் இருந்த சிவப்பு நைலான் பட்டையையும், அதில் கோத்திருந்த சிறு மணியையும் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. 18 நாட்களுக்கு முன் அதே மேசையில் உயிரை விட்ட வேறொரு குட்டியின் கழுத்திலிருந்து அந்தப் பட்டையை நானே கழற்றி, அழுதுகொண்டிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தியின் கையில் கொடுத்திருந்தேன். இப்போதும் அவளேதான் தந்தையின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "பாப்பா சரியாவே சாப்பிடலை சார், அதான் ஒரு வாரம் கழிச்சு வேற குட்டி வாங்கிட்டு வந்தோம்" என்றார் தந்தை. வாந்தி, இரத்தம் கலந்த பேதி, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒருமுறை நுகர்ந்தால் மறக்காத அந்த வாடை. இரண்டாவது குட்டிக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய்தான். மறுநாள் இரவு அதுவும் இறந்துபோனது.

முதல் குட்டி இறந்த அன்று, வீட்டை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதையும், எவ்வளவு காலத்துக்கு வேறு குட்டியைக் கொண்டுவரக் கூடாது என்பதையும் நான் அவர்களிடம் சொல்லவில்லை. துக்கத்தில் நிற்பவர்களிடம் பிளீச்சிங்கைப் பற்றிப் பேசுவது நாகரிகமாகாது என்று நினைத்து விட்டுவிட்டேன். அது என் தவறு. அன்றிலிருந்து, அழுகை சற்று அடங்கும்வரை காத்திருந்தாவது இதைச் சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

1978ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, குறுகிய காலத்திலேயே உலகெங்கும் பரவிய வைரஸ் பார்வோ. வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களையே இது தேடித் தாக்கும் என்பதால், குட்டியின் குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் ஒரே நேரத்தில் சிதைகின்றன. குடல் வழியே நீரும் இரத்தமும் வெளியேறும்போது, நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களும் குறைந்துவிடுவதால், குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலந்து உயிரைப் பறிக்கின்றன. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் நம் செருப்பிலும் கையிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பல மாதங்கள், சில வேளை ஓர் ஆண்டுக்கும் மேல், வீரியம் குறையாமல் கிடக்கும்.

தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று பலரும் நிம்மதியாகச் சொல்கிறார்கள். பினாயிலும் சோப்புத்தூளும் சானிட்டைசரும் இந்த வைரஸை அழிக்காது. முதலில் மலம், வாந்தியின் தடயமே இல்லாமல் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். ஏனெனில் அழுக்கின் மேல் ஊற்றும் மருந்து வேலை செய்யாது. அதன் பிறகு, கடையில் கிடைக்கும் துணி வெளுக்கும் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையிலும் கூண்டிலும் தட்டிலும் 10 நிமிடமாவது ஈரம் காயாமல் நிற்கும்படி விட்டுப் பிறகு அலச வேண்டும். கழிவறைக்குப் பயன்படுத்தும் ஆசிட்டை இதனுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது, எழும் நச்சுவாயு மூச்சை அடைத்துவிடும். குட்டி படுத்திருந்த கோணியையும் பழந்துணியையும் எரித்துவிடுவது நல்லது. தோட்டத்து மண்ணை இப்படிச் சுத்தம் செய்ய வழியில்லை. வெயில் நன்றாக விழும்படி செடிகளை ஒதுக்கிவிடலாம், காலம்தான் மிச்சத்தைச் செய்ய வேண்டும்.

தடுப்பூசி போட்டும் இறந்துவிட்டதே என்று சிலர் மனம் உடைந்து கேட்கிறார்கள். தாயின் சீம்பாலில் இருந்து கிடைக்கும் எதிர்ப்பாற்றல் குட்டியை முதல் சில வாரங்கள் காக்கிறது. அதே ஆற்றல் உடலில் இருக்கும்வரை நாம் போடும் ஊசியையும் அது வேலை செய்யவிடாது. அது தேய்ந்து மறையும் வயது குட்டிக்குக் குட்டி மாறுபடும். நோயைத் தடுக்கப் போதாமலும், ஊசியைத் தடுக்கப் போதுமானதாகவும் இருக்கும் ஓர் இடைவெளி எல்லாக் குட்டிகளுக்கும் உண்டு. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். இவற்றில் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடும் ஊசியே மிக முக்கியமானது. ஆனால் குட்டி தெம்பாக ஓடியாடுகிறது என்ற தைரியத்தில் பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

குட்டியை விற்பவர் "ஊசி எல்லாம் போட்டாச்சு" என்று சொன்னால் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய, தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள சிறு சீட்டும், மருத்துவரின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்ததையே ஊசி போட்டதாக நினைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. 35 நாள் குட்டியைக் கூடையில் வைத்து நீட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

ஊசிகள் முடியும்வரை குட்டியை அறைக்குள் பூட்டிவைப்பதும் சரியல்ல. பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆம் வாரம்வரைதான், மனிதர்களையும் ஓசைகளையும் பிற விலங்குகளையும் அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளக் குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தை நான்கு சுவருக்குள் கழித்த குட்டிகள் பிற்பாடு அச்சத்தால் கடிப்பதைப் பார்க்கிறோம். தெருவில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கடைத்தெருவைக் காட்டலாம், ஊசி முழுமையாகப் போட்ட நாய் உள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம். தெரு நாய்கள் மோந்து திரியும் புல்வெளியும் பூங்காவும் மட்டும் அப்போதைக்கு வேண்டாம்.

பார்வோவின் முதல் நாள் பெரும்பாலும் இரத்தத்துடன் தொடங்குவதில்லை. வாசலுக்கு ஓடிவரும் குட்டி அன்று மூலையில் சுருண்டு படுத்திருக்கும், பிடித்த சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். நுரையோ மஞ்சள் நீரோ வாந்தியாக வரலாம். இரத்தப் பேதி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். தயிர்ச் சோறு, இளநீர், மருந்துக்கடையில் வாங்கிய மனிதர்களின் பேதி மாத்திரை என்று இரண்டு நாட்களை வீட்டிலேயே கழித்துவிட்டு வருபவர்களின் குட்டிகளைத்தான் நாங்கள் அதிகம் இழக்கிறோம். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் குளுக்கோஸ் தண்ணீரை வற்புறுத்தி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகவும் கூடும். வைரஸைக் கொல்லும் மாத்திரை என்று எதுவும் எங்கள் கையில் இல்லை. இழந்த நீரை இரத்தக் குழாய் வழியாக ஏற்றி ஈடுசெய்து, வாந்தியை அடக்கி, பாக்டீரியாத் தொற்றைத் தடுத்து, குடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும்வரை உயிரைப் பிடித்துவைக்கிறோம். சோர்ந்த அன்றே வந்த குட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்துப் போகின்றன. வரும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டு வாருங்கள், வந்ததும் குட்டியைத் தரையில் விடாதீர்கள். ஊசிக்காகக் காத்திருக்கும் மற்றக் குட்டிகள் அங்கே இருக்கும்.

அப்படியும் இழந்துவிட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். "நாய்தானே, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அந்தச் சொல்தான் பல வீடுகளில் இரண்டாவது சாவுக்கு வழிவிடுகிறது. துக்கப்படுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குட்டி ஊருக்குப் போயிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். இறந்துவிட்டது என்றே சொல்லி, கிணற்றுக்கு அப்பால் ஆழமாகத் தோண்டிப் புதைக்கும்போது அவர்களையும் அருகில் நிற்கவிடுங்கள், திரும்பியதும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மனம் ஆறிய பிறகும் உடனே நாய் வேண்டும் என்றால், 16 வாரம் கடந்து எல்லா ஊசியும் முடித்த குட்டியையோ, வளர்ந்த நாயையோ எடுங்கள், கடைசி ஊசிக்குப் பின் இரண்டு வாரமாவது ஆகியிருக்கட்டும். ஊசி முடியாத குட்டிதான் வேண்டுமென்றால், மண் தரையோ தோட்டமோ உள்ள வீட்டில் ஓர் ஆண்டு பொறுத்திருக்கவே நான் சொல்கிறேன்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்கு ஏழு மாதங்களுக்குப் பிறகு, ஏறத்தாழ ஒரு வயதான நாட்டு நாய் ஒன்று வந்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அதை அழைத்து வந்தபோது அட்டையில் எல்லாச் சீட்டுகளும் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன, கழுத்தில் புதிய நீலப் பட்டை இருந்தது. பழையது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். வெளுப்புத் தண்ணீரில் ஊறவைத்ததில் சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகிவிட்டதாம், மணியோடு தன் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாளாம்.