மோட்டார் நல்லா ஓடினால் சென்சாருக்குப் பட்டினி

கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறதே, அதற்குள் பேட்டரி கிடையாது. ஒரு குட்டிச் சுத்தி உள்ளே இருக்கும் படிகத்தைத் தட்டுகிறது, தட்டின வேகத்தில் மின்சாரம் பிறக்கிறது. கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்த பீசோ விளைவு இது. இதே படிகத்தையோ, சைக்கிள் டைனமோ மாதிரி காந்தமும் சுருளும் கொண்ட பெட்டியையோ மோட்டார் மேல் பொருத்திவிட்டால், மோட்டாரின் அதிர்விலேயே ஒயர்லெஸ் சென்சார் ஓடும், செல் மாற்றும் வேலையே இல்லை என்று விற்க வருகிறார்கள். பெயர் ஹார்வெஸ்டர். (எங்கள் ஸ்டோர்காரர் நெல் அறுக்கும் வண்டி என்றே நினைத்துவிட்டார்.)

சொல்வது பொய்யில்லை. நான் வேலை பார்த்த ஒரு நூற்பாலையில், ஈரப்பதம் காக்கும் பிளான்டின் ஃபேன் மோட்டார்களில் இதை மாட்டினோம். சித்திரை வெயிலில் சோதித்தோம், அருமையாக ஓடியது. மழை பிடித்ததும் ஒவ்வொரு சென்சாராக வாயடைத்துப்போனது. ஒரு வாரம் ஆன்டெனாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயம் வேறு. பெட்டிக்குள் இருப்பது ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு எடை. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தானே வீச்சு ஏறும்? இதுவும் அப்படித்தான். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. மோட்டாருக்குள் காந்த இழுப்பு கரன்ட்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வருவதால் உடம்பு 100 ஹெர்ட்ஸில் அதிரும். நாங்கள் வாங்கியது அதற்கென்றே செய்தது. மழை வந்து குளிர்ந்ததும், கரன்ட்டின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவை 42-க்குக் குறைத்துவிட்டார்கள். அதிர்வு 84-க்குப் போய்விட்டது. தாளம் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் தப்பினாலே வரத்து விழுந்துவிடும், இதில் பதினாறு! அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 120 ஹெர்ட்ஸ் பெட்டியை இங்கே வாங்கினாலும் இதே கதிதான். அங்கே கரன்ட் 60 ஹெர்ட்ஸ்.

சரி, டிரைவ் இல்லாமல் நேராக ஓடும் கம்ப்ரசர் மோட்டாருக்கு மாற்றினோம். இரண்டு மாதம் கழித்து அதுவும் தடுமாறியது. போய்ப் பார்த்தால், ஃபிட்டர் அண்ணன் ஆட்டம் கண்டிருந்த ஒரு மோட்டார் காலுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகட்டை வைத்து போல்ட்டை இறுக்கியிருக்கிறார். அவர் செய்தது சரியான வேலை. அதிர்வு பாதியானால் கிடைக்கும் மின்சாரம் கால்வாசியாகிவிடும், அவ்வளவுதான். “ஏனுங்க சார், மெஷின் நல்லா ஓடுனா இதுக்குச் சோறு கிடையாதுங்களா?” என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

அதனால் வாங்கும் முன் அதிர்வு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போய், மாட்டப்போகும் அதே இடத்தில் அளந்து பாருங்கள். நல்ல நிலையில் உள்ள மெஷினில், குறைந்த லோடில், இரவு ஷிப்டில். உதாரணத்துக்கு, 50 ஹெர்ட்ஸ் அதிர்வில் புவியீர்ப்பின் ஆயிரத்தில் 25 பங்கு முடுக்கம் என்றால் அசைவு இரண்டரை மைக்ரான். முடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. அதிலிருந்துதான் மில்லிவாட் கணக்கில்கூட இல்லாத மின்சாரத்தைச் சேர்த்து, கெப்பாசிட்டரில் நிரப்பி, அவ்வப்போது ஒரு செய்தி அனுப்ப வேண்டும்.

செல்லை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். 3.6 வோல்ட், 2.4 ஆம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்றில் எட்டரை வாட்-மணிக்கு மேல் இருக்கிறது. சராசரி 100 மைக்ரோவாட் தின்னும் சென்சாருக்கு, காகிதக் கணக்கில் ஒன்பது வருடத்துக்கும் மேல் வரும். ஃபேன் அறைச் சூட்டில் குறையும்தான், பாதி வந்தாலும் லாபம். ஏணி போட்டு எட்டுகிற இடத்துக்கு நான் இன்றைக்கும் செல்தான் போடுகிறேன்.

அப்புறம் ஒன்று. பேட்டரி இல்லாத சென்சார் பேசாமல் இருந்தால் மெஷின் நின்றிருக்கலாம், வேகம் மாறியிருக்கலாம், சென்சாரே செத்திருக்கலாம். திரையில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். இப்போது மோட்டார் கரன்ட்டையும் சேர்த்துப் பார்க்கிறோம்: கரன்ட் ஓடியும் ஒரு மணி நேரம் செய்தி வராவிட்டால் அலாரம் அடிக்கும், ஃபிட்டர் அண்ணன் போய்க் கை வைத்துப் பார்ப்பார்.