இரும்பில்லாக் கயிற்றுக் கடிவாளம்: இழுப்பதைவிட விடுவதே முக்கியம்

வாயில் இரும்பு வைக்காத கடிவாளம் என்றதும் அது குதிரைக்கு வலிக்காது என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். வாயிலிருந்து எடுத்த அழுத்தம் மறைந்து போவதில்லை. மூக்கெலும்புக்கும் தாடையடிக்கும் காதுகளுக்குப் பின்னுள்ள உச்சிக்கும் இடம் மாறிப் போகிறது. அங்கே தோலுக்கு அடியில் சதை மிகக் குறைவு. மெல்லிய கயிறு நேராக எலும்பின்மேல் உட்காரும். அதனால் கையால் கடிவாளம் கட்டுகிறவர் முடிச்சைக் கற்பதற்கு முன் குதிரையின் முகத்தைத் தடவிக் கற்க வேண்டும்.

நெற்றியிலிருந்து விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். கெட்டியான எலும்பு ஓரிடத்தில் முடிந்து, விரல் மெத்தென்று அமுங்கும். மூக்கெலும்பின் நுனி அதுதான். அங்கே எலும்பு மெலிந்து கூர்மையாகிறது. அதற்குக் கீழே குருத்தெலும்பும் மென்திசுவும்தான். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றே வழி. கயிறு இந்த மெத்தென்ற பகுதிக்கு இறங்கிவிட்டால், லகானை (சவாரி செய்பவர் கையில் பிடிக்கும் கயிற்றை) இழுக்கும்போதெல்லாம் மூச்சை நெரிக்கிறோம் என்று பொருள். மேலே ஏற்றினாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஓடும் எலும்பு மேட்டின் முன்முனைக்குச் சற்று மேலே ஒரு சிறு துளை உண்டு; மேலுதட்டுக்கும் மூக்குக்கும் உணர்வு தரும் நரம்பு அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. ஆகவே மூக்குப்பட்டை அந்த மேட்டின் முனைக்கு இரண்டு விரல் கீழே, மூக்குத் துளையின் மேல்விளிம்புக்குக் குறைந்தது நான்கு விரல் மேலே, கெட்டி எலும்பின்மேல் நிற்க வேண்டும். சிறிய முகமுள்ள குதிரையில் இந்த இரண்டு அளவுக்கும் இடையே கிடைக்கும் இடம் மிகக் குறுகலாக இருக்கும். அங்கே சந்தேகம் வந்தால் எலும்பைத்தான் நம்ப வேண்டும், அளவை அல்ல.

இனி அழுத்தக் கணக்கு. வளைந்த பரப்பின்மேல் கிடக்கும் கயிறு தரும் அழுத்தம், கயிற்றின் இழுவிசையை வளைவின் ஆரத்தாலும் தொடும் அகலத்தாலும் வகுத்தால் கிடைப்பது. ஒரு பக்கத்துக்கு 2 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. உருண்டைக் கயிறு உண்மையில் தோலைத் தொடுவது ஏறக்குறைய 4 மி.மீ. அகலத்துக்குத்தான். மூக்கின் நடுப்பகுதியில் வளைவின் ஆரம் 6 செ.மீ. என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 830 கிராம் விழுகிறது. மூக்கெலும்பு பக்கவாட்டில் திரும்பும் விளிம்பில் ஆரம் 1.5 செ.மீ.க்குக் குறைந்தால் அதே இழுப்பு 3.3 கிலோ ஆகிவிடும். கயிற்றை 2.5 செ.மீ. அகலத் தட்டைப் பின்னலாக மாற்றினால் அந்த விளிம்பில்கூட 530 கிராம்தான். கையின் இழுப்பு ஒன்றே. அகலம் மட்டும் மாறியதில் ஆறு மடங்கு வேறுபாடு. மூக்குக்கு மேலே முடிச்சுகள் போட்ட கயிற்றுத் தலைக்கட்டில் (குதிரையை நடத்திச் செல்லத் தலையில் மாட்டும் கட்டில்) இந்த அழுத்தம் புள்ளி புள்ளியாகக் குவியும். ஏறிச் சவாரி செய்யும் கடிவாளத்தில் அந்த முடிச்சுகளுக்கு ஒரு தேவையும் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்திலிருந்து அல்ல, அழுத்தம் நீங்கும் கணத்திலிருந்து. தலையைத் திருப்பிய அந்த நொடியில் கயிறு தளர்ந்தால், 'இதைத்தான் கேட்டார்கள்' என்று அதற்குப் புரிகிறது. இரண்டு நொடி தாமதித்துத் தளர்ந்தால், அப்போது அது வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்; பாடம் அந்த வேறு எதற்கோ போய்ச் சேரும். எனவே நல்ல கடிவாளம் எவ்வளவு நன்றாக இறுகுகிறது என்று பார்ப்பதைவிட, கை தளர்ந்ததும் தானாகத் தளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் உராய்வு குறுக்கே வருகிறது. துறைமுகத்தில் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிய கயிறு பெரிய கப்பலையே பிடித்து நிறுத்துகிறதே, அதே விதி. சுற்றும் கோணம் கூடக்கூட உராய்வின் பிடி அடுக்கடுக்காகப் பெருகும். உராய்வுக் கெழு (உராய்வின் அளவைக் காட்டும் எண்) 0.3 என்றால், அரைவட்டம் வளைந்து செல்லும் கயிற்றில் ஒரு பக்க இழுவிசை மறுபக்கத்தைப்போல இரண்டரை மடங்கு வரை இருந்தும் கயிறு நகராமல் நிற்கும். தாடைக்கு அடியில் குறுக்காகப் போய் எதிர்ப்பக்க வளையத்தில் நுழையும் மாதிரியைக் கயிற்றில் செய்தால் நேர்வது இதுதான்: இழுத்தால் இறுகும், விட்டால் பாதி இறுக்கம் அப்படியே தங்கிவிடும். கயிற்றில் செய்வதென்றால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். மூக்கின் இருபுறமும் வளையம் வைத்து, லகானை அவற்றில் நேராகக் கட்டும் பக்க இழுப்பு மாதிரியே ஏற்றது. அதில் சறுக்கும் இடமும் இல்லை, நெம்புகோலும் இல்லை. கையில் 2 கிலோ என்றால் மூக்கிலும் 2 கிலோதான். நீண்ட கைகள் கொண்ட உலோக ஹாக்கமோர் என்னும் கடிவாள வகை, அதே இழுப்பைப் பல மடங்காக்கி மூக்கிலும் தாடையிலும் இறக்கும். அதிலும் இரும்பு வாயில் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பொருள்: 6 மி.மீ. இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் கயிறு 9 மீட்டர், லகானுக்கு 12 மி.மீ. கயிறு ஏறக்குறைய 2.75 மீட்டர், உள்விட்டம் 40 மி.மீ. கொண்ட பற்றவைத்த எஃகு வளையம் இரண்டு. வெறுமனே வளைத்து மூடிய வளையம் வேண்டாம்; அதன் இடுக்கு முடியைப் பிடித்து இழுக்கும், பாரத்தில் விரியும். நைலான் நனைந்தால் நீளும், அளவு மாறிவிடும். பாலிப்ரோப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நொறுங்கித் தோலைக் கீறும். பருத்தி மென்மைதான், ஆனால் நனைந்து காய்ந்தால் சுருங்கும், வியர்வையில் மக்கும். துவண்டு தொங்கும் கயிறும் உதவாது. சற்று விறைப்பு இருந்தால்தான் இழுப்பு போனதும் கயிறு தன் வடிவத்துக்குத் திரும்பி மூக்கைவிட்டு விலகும்.

முதலில் மூக்குப்பட்டை. வளையங்கள் வாயோரத்துக்கு மேலே, கன்னத்தின் பக்கவாட்டில் நிற்கும்படி நூல் பிடித்து, மூக்குக்கு மேலாக வளையத்திலிருந்து வளையம் வரை அளந்துகொள்ளுங்கள். அது 28 செ.மீ. என்றால், பின்னலில் ஒன்றரை மடங்கு கயிறு போகும். வளையத்தில் மடிக்க இருபுறமும் 20 செ.மீ. சேர்த்து, இழைக்கு 82 செ.மீ. வீதம் ஐந்து இழைகள் வெட்டி, தட்டையாகப் பின்னுங்கள். முனைகளை வளையத்தில் மடித்து, மெழுகு நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிட வேண்டும். உள்பக்கம் 3 செ.மீ. அகலத்தில் அழுத்திச் செய்த கம்பளித் துணி (ஃபெல்ட்) தைத்தால் இன்னும் நல்லது.

தலைப்பகுதிக்கு 3.5 மீட்டர் கயிறு. இடது வளையத்தில் எட்டு வடிவ முடிச்சாகக் கட்டிக் கன்னத்தின் மேலாக ஏற்றுங்கள். கண்ணுக்குக் கீழே, கண்ணைவிட்டு மூன்று விரலாவது தள்ளி, 5 செ.மீ. கண்ணி ஒன்று போட்டு முடியுங்கள். அங்கிருந்து அதே கயிறு தாடையின் உருண்டைப் பகுதிக்குப் பின்னால் சுற்றி வலது கன்னத்துக்கு வரும். வலது வளையத்திலிருந்து ஏறிவரும் 60 செ.மீ. துண்டை அந்த இடத்தில் சேர்த்து இரட்டையாக ஒரே முடிச்சாகப் போட்டு, மீதிக் கயிற்றை உச்சிக்கு மேலாக இடப்பக்கம் இறக்கிக் கண்ணியில் கட்ட வேண்டும். 6 மி.மீ. கயிற்றில் ஒரு சாதாரண முடிச்சு ஏறக்குறைய 6 செ.மீ. நீளத்தை விழுங்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் வெட்டுவதுதான் புதிதாகக் கட்டுபவர்களுக்கு முதலில் நேரும் பிழை. கண்ணியில் கட்டும் முடிச்சு, கண்ணியின் கழுத்தைச் சுற்றிக் கீழே வர வேண்டும்; மேலே ஏறிக் கட்டினால் இழுப்பில் இறுகி, பிறகு அவிழ்க்கவே முடியாது. வால்முனை கண்ணை நோக்கி நிற்காமல் பின்னோக்கிப் போகட்டும்.

கடைசியாக, இரு வளையங்களுக்கும் இடையே தாடையடியில் ஒரு துண்டு. மூக்கெலும்பின்மேல் இரண்டு விரல் தாராளமாக நுழையும் அளவுக்கு அதைக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் வேறொரு கேடு: குதிரையின் மேல்கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு தேய்ந்து கூர்மையாகும், பட்டை கன்னத்தை அதன்மேல் அழுத்தி, உள்ளே புண்ணாக்கும். வாயில் இரும்பே இல்லாமல் வாய்ப்புண் வருவது இப்படித்தான். ரொம்பத் தளர்ந்தாலோ, இடது லகானை இழுக்கும்போது முழுக் கடிவாளமும் சுழன்று வலது கன்னக்கயிறு கண்ணுக்குள் போகும். தாடைக்குப் பின்னால் செல்லும் கயிறு இந்தச் சுழற்சியைத் தடுக்கத்தான் இருக்கிறது; அதை வேண்டாத அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். தாடைக்கடியில் ஒரே கண்ணியில் லகான் கட்டும் சாதாரணக் கயிற்றுத் தலைக்கட்டு சவாரிக்குச் சரிவராததும் இதனால்தான்.

புதுக் கயிறு வழுக்கும். எல்லா முடிச்சுகளையும் நனைத்து இழுத்து இறுக்கி, முனைகளில் 7 செ.மீ. வால் விடுங்கள். முனையை உருக்கினால் கண்ணாடிபோலக் கடினமான விளிம்பு உண்டாகும். அதை அரத்தால் ராவி, தோலில் படாத பக்கம் வையுங்கள். பிறகு கடிவாளத்தை உத்தரத்தில் மாட்டி, ஒவ்வொரு வளையத்திலும் உங்கள் முழு எடையையும் தொங்கவிட்டு, முடிச்சு நகர்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு வலுவான கயிறு எங்காவது சிக்கினால் அறாது, குதிரையின் கழுத்துதான் அடிபடும். எனவே இந்தக் கடிவாளத்தோடு குதிரையைக் கட்டிப்போடவும் கூடாது, மேயவிடவும் கூடாது.

லகானுக்குக் கனமான கயிறு சொன்னதற்கும் காரணம் உண்டு. கனமான கயிறு தொய்ந்து தொங்கும். கையைத் தூக்கியதும், இறுகுவதற்கு முன்பே, வளையத்தில் அதன் அசைவு தெரியும். பழகிய குதிரை அந்த அசைவுக்கே திரும்பிவிடும். முதல் பயிற்சியைத் தரையில் நின்று, அடைத்த வளாகத்துக்குள் செய்யுங்கள்: ஒரு பக்கம் மெல்ல இழுத்து, மூக்கு ஒரு அங்குலம் நகர்ந்தாலும் உடனே விட்டுவிட வேண்டும். இரு கையாலும் ஒருசேர இழுத்துப் பிடித்தால் குதிரை மூக்கால் சாய்ந்து இழுக்கப் பழகிவிடும். பிறகு நிறுத்துவது கடினம்.

சவாரி முடிந்ததும் பட்டை இருந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வீக்கம், சூடு, தொட்டால் தலையை விலக்குதல், முடி தேய்ந்த கோடு ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆறும்வரை கடிவாளத்தைப் போடாதீர்கள். அந்த இடத்தில் பின்னர் வெள்ளை முடி முளைத்தால், நிறம் தரும் செல்கள் அழுத்தத்தில் செத்துவிட்டன. அகலம் போதவில்லை, அல்லது கை விடவில்லை. பின்னலுக்குள் புகுந்த மணல் தோலையும் நாரையும் ஒருசேர அரைக்கும் என்பதால், மென்சோப்பு நீரில் கழுவி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.