போன் ஸ்பீக்கரில் இல்லாத பேஸ் காதில் எப்படிக் கேட்கிறது?

காட்பாடியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார்: “ஹிப் ஹாப் பாட்டைத் திருவிழா செட்டில் போட்டால் பேஸ் அதிருது. அதையே போனில் போட்டாலும் பேஸ் தெரியுது. இத்தனூண்டு ஸ்பீக்கரிலிருந்து எப்படி சார் வருது?”

பேஸ் என்கிற அந்தக் கட்டையான ஒலி ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை என்பதுதான் பதில்.

நம்ம அரக்கோணத்துக்காரரான பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் கதையைச் சுமந்த பாட்டு. அதை முதலில் எதில் கேட்டீர்கள் என்று வேலூரில் யாரை விசாரித்தாலும் போனில் என்றுதான் சொல்வார்கள். இன்று ஒரு பாட்டு ஹிட்டாக வேண்டுமானால் முதலில் போன் ஸ்பீக்கரில் தேற வேண்டும்.

ஹிப் ஹாப்பின் பேஸுக்குப் பேர்போனது, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷின். அதன் ‘கிக்’ என்கிற பெரிய டிரம் ஒலி சுமார் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 அதிர்வாக, நீண்டு அதிரும். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பைப் போட்டு 400 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்லக் குறைத்துப் பாருங்கள். 200-ஐத் தாண்டி இறங்க இறங்க ஒலி மெலிந்துகொண்டே போகும். 50-க்கு வரும்போது அநேகமாக ஒன்றும் கேட்காது.

சரி, அப்படியென்றால் பாட்டில் மட்டும் பேஸ் எப்படி?

மிக்ஸிங் செய்பவர் பேஸ் அலையை வேண்டுமென்றே கொஞ்சம் சிதைக்கிறார். ஸ்டுடியோவில் இதற்கு ‘சாச்சுரேஷன்’ என்று பெயர். அலையின் உச்சி நசுங்கும்போது 50-இன் மடங்குகளில் புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. அவற்றில் 200, 250, 300 ஆகிய மூன்றும் ஓரளவு போனிலிருந்து வெளியே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம், அதாவது 20 மில்லிசெகண்ட். அதற்குள் முதல் அதிர்வு நாலு சுற்று, அடுத்தது ஐந்து, மூன்றாவது ஆறு சுற்று முடித்திருக்கும். நாலு, ஐந்து, ஆறு என வெவ்வேறு நடையில் வாசிக்கிற மூன்று பேர் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து சேர்வது மாதிரி, மூன்றும் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடுகின்றன. செவி நரம்புகளின் துடிப்பிலும் அந்தத் தாளம் பதிகிறது. மூளை அதைப் பிடித்துக்கொண்டு, ‘இது 50 ஹெர்ட்ஸ் சுருதி’ என்று தீர்மானித்துவிடுகிறது. காற்றில் 50 இல்லவே இல்லை!

எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை. இதைக் காதுக்குள் நடக்கும் ஏதோ கலப்படம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஹௌட்ஸ்மா, கோல்ட்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 1972-இல் இப்படிப்பட்ட ஒரு மடங்கை இடது காதுக்கும் அடுத்ததை வலது காதுக்கும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். அப்போதும் கேட்டவர்களுக்கு அந்த இல்லாத சுருதி தெரிந்தது. இரண்டு காதின் செய்தியும் சேரும் இடம் மூளைதானே? பழைய லேண்ட்லைன் போனிலும் இதே கதைதான். அது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சரியாகக் கடத்தாது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100-ஐ ஒட்டி இருக்கும். ஆனாலும் அப்பாவின் கட்டைக் குரல் கட்டைக் குரலாகத்தான் கேட்டது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மிருதங்கத்தின் மேற்சுரங்கள், அதாவது அடிப்படை அதிர்வோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகள், இப்படி ஒழுங்கான மடங்குகளாக அமைவதை சி.வி. ராமன் 1920-இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்த அக்கறை பறைக்கும் கிடைக்க வேண்டும். நெருப்பில் காய்ச்சும்போது தோலின் ஈரம் போய், இறுகி, சுருதி ஏறுகிறதே, அதை அளந்து பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு மைக்கும் லேப்டாப்பும் போதும். தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இருக்கிற நம் வட்டாரக் கல்லூரிகளில் இதற்கு ஒரு சின்ன நிதியாவது ஒதுக்கக் கூடாதா?

ஆனால் மாணவரே, மூளை சுருதியைத்தான் கட்டித் தரும், நெஞ்சில் அறைகிற அடியைத் தராது. அதற்கு நிஜமாகவே 50 ஹெர்ட்ஸில் காற்று அசைய வேண்டும், அவ்வளவு காற்றைத் தள்ள அகலமான ஸ்பீக்கர் கோன் வேண்டும். அந்த அடி வேண்டுமென்றால் நீங்கள் திருவிழா செட்டுக்குத்தான் போக வேண்டும்.