டிப்ரஷன்: அழுத்தமா, சோர்வா?

மனநல விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தது. முதல் வரி: ‘மன அழுத்தம் வேலை நினைவகத்தைப் பாதிக்கிறது.’ ஐந்து சொல்லில் இரண்டு பிழை. டிப்ரஷன் என்னும் மனநோயை மன அழுத்தம் ஆக்கியது பழைய பிழை, கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒர்க்கிங் மெமரி என்னும் மனத்திறன் வேலை நினைவகம் ஆனது புதுசு.

டிப்ரஷனுக்கு மூலம், ‘கீழே அழுத்து’ என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வினை. அழுத்தக் கட்சியார் இதைப் பிடித்துக்கொண்டுதான் நியாயம் பேசுகிறார்கள். சரி, அதே டிப்ரஷன் வங்கக் கடலில் உருவானால் வானிலை அறிக்கையில் என்ன பெயர்? காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அங்கே அழுத்தம் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழைச் செய்திக்குக் காது கொடுக்கும் நம் ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கடலில் தாழ்ந்தது மனத்துக்கு வந்ததும் ஏறுவானேன்?

அதைவிடப் பெரிய தொல்லை, ‘மன அழுத்தம்’ ஏற்கெனவே ஸ்ட்ரெஸ்ஸுக்கு வழங்கும் சொல். பரீட்சை, கடன், மேலதிகாரி என்று வரும் நெருக்கடிக்கு உடம்பும் மனமும் காட்டும் எதிர்வினை அது. நெருக்கடி விலகினால் பெரும்பாலும் தணியும். நெடுநாள் நீடித்தால் டிப்ரஷனில் கொண்டு விடலாம்தான், அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. டிப்ரஷன் என்று மருத்துவர் சொல்வதற்குக் குறைந்தது 2 வாரமாவது மனம் வாடியோ எதிலும் நாட்டமில்லாமலோ கிடந்திருக்க வேண்டும். தூக்கம், பசி, கவனம் கெட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் அழுத்தம் என்றாலே பிரஷர். ‘அதுக்குத்தான் மாத்திரை போடுதேனே, பொறவென்ன?’ என்று அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் செருகும் பெரியவரை நான் குறை சொல்லமாட்டேன்.

மனச்சோர்வு என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. சோர்வு என்றால் தளர்ச்சி மட்டுமில்லை. குறளின் ‘சோர்விலாள்’ என்ற இடத்தில் பரிமேலழகர் சோர்வுக்கு மறவி என்று பொருள் எழுதுகிறார். தளர்வும் மறதியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய பிறகு வேறு எதைத் தேடுவது? மனம் வடசொல், உளச்சோர்வு என்றே எழுதுவேன் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

இனி வேலை நினைவகம். ‘லீவுக்கு வந்தும் வேலை நெனப்பாவே இருக்கான்’ என்று ஆச்சிமார் குறைப்படுவார்களே, அதுதான் வேலை நினைவு. ஒர்க்கிங் மெமரி வேறு. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் 100 ரூபாயை நீட்டி 17 ரூபாய் டிக்கெட் மூன்று கேளுங்கள். கண்டக்டர் 51-ஐ மனத்தில் நிறுத்தி, கழித்து, மீதி 49-ஐ எண்ணும்போதே ‘கல்லிடைக்குறிச்சி எறங்கு’ என்று குரலும் கொடுப்பார். தகவலைச் சில விநாடி பிடித்து வைத்து, அதை வைத்தே காரியமும் பார்க்கும் திறன் இது. வெறும் சேமிப்பு இல்லை என்பதைத்தான் 1974-இல் உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்சும் விளக்கினார்கள். அதற்குப் போய் ‘அகம்’ சேர்த்து, சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஆக்கிவிட்டார்கள். செயல்நினைவு போதும்.

மனச்சோர்வில் தடுமாறுவது இந்தச் செயல்நினைவு. துயர நினைப்புகள் அங்கே புகுந்துகொண்டு, வெளியேற மறுத்துச் சுழல்வதும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சில மூளைப்பட ஆய்வுகளில், சோர்வுற்றவர்கள் மற்றவர்களைப் போலவே சரியாக விடை சொன்னபோதும், நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடல் கூடுதலாக உழைத்தது தெரிந்தது. வேறு சிலவற்றில் அதன் செயல்பாடு குறைந்திருந்தது. துண்டறிக்கையோ ‘நினைவகம் பழுது’ என்று ஒரே போடாகப் போடுகிறது. சரியாகச் செய்தும் களைத்துப்போகிறவரை யார் கண்டுகொள்வார்?

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். மொழிபெயர்ப்பாளர்கள் எந்த மருத்துவமனையிலாவது வெளிநோயாளிகளோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், ‘சொன்னது புத்தியில நிக்க மாட்டேங்கு’ என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பார்கள். அதை அப்படியே முதல் வரியாக அச்சடித்திருக்கலாம்.